வரதனுக்கு உயரப் பந்து

1

அந்த வெள்ளிக்கிழமை வளைகுடாவில் எங்கள் கம்பெனி கேம்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் நின்றவர்கள்:

கோஷி சார். கேரளக்காரர். கம்பெனியில் ஆட்களின் வரவு பார்க்கும் வேலை. எங்கள் கரப்பந்தாட்ட அணிக்கு அவர்தான் பயிற்சி.

மஜீத். பாகிஸ்தான், பஞ்சாப் பக்கம். வெல்டர். வயது நாற்பத்தொன்று. ஆறு வருஷமாக எங்கள் அணியில் அடிப்பவர் அவர்தான். இரண்டு முழங்காலிலும் பண்டேஜ்.

பிலிப்பைன்ஸ்காரர் நான்கு பேர். பெயின்ற் பகுதி. நால்வருக்கும் சேர்த்துப் பேசுபவர் ரே.

தோமஸ். மெஸ்ஸில் சமையல். கோஷி சாரின் ஊர்.

சுலைமான் காக்கா. கீழக்கரைக்காரர். குதைபியாக் கடைத்தெருவில் தேநீர்க்கடை. விளையாடுவதில்லை. பிளாஸ்கில் தேநீர் கொண்டு வருவார். எங்களைத் திட்டிவிட்டுப் போவார்.

மனேஜர். வெள்ளைக்காரர். காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கியிருந்தார்.

வரதன். யாழ்ப்பாணம், வடமராட்சி. வயது இருபத்துமூன்று. கப்பலின் துருவை மணல் அடித்து எடுக்கும் பகுதியில் ஹெல்பர்.

நான். நானும் யாழ்ப்பாணம். பந்து தூக்கிக் கொடுப்பவன்.

எல்லோரும் வந்தது வரதனைப் பார்க்க. அவன் உயர எழும்புவான் என்று கேம்ப் முழுக்கக் கதை. நாங்கள் ஏணி வைத்துத் தொடும் குழாயை அவன் நின்ற இடத்திலிருந்தே எழும்பிப் பிடித்தானாம். நானும் பார்த்தேன். உண்மை.

ரே மறுபக்கம் இருந்து முதல் பந்தைப் போட்டார். வேகமான பந்து. வரதன் பின்வரிசையில் நின்றான். அவன் செய்ய வேண்டியது ஒன்றுதான். இரண்டு கையையும் சேர்த்து, குனிந்து, பந்தை என் பக்கம் எழுப்பிவிட வேண்டும். நான் வலையோரம் நின்று அதைத் தூக்கிக் கொடுப்பேன். மஜீத் அடிப்பார். மூன்று பேருடைய கை. இதுதான் ஆட்டம்.

வரதன் குனியவில்லை. இரண்டடி பின்னால் போனான். எழும்பினான். தலைக்கு மேல் வந்த பந்தை அப்படியே ஓர் அடி. பந்து எங்கள் எல்லோருக்கும் மேலால் போய் அந்தப் பக்கத்துக் கடைசிக் கோட்டில் விழுந்தது. மணல் தெறித்தது.

நான் கையை விரித்தபடி நின்றேன். என்னிடம் எதுவும் வரவில்லை.

கோஷி சார் விசில் ஊதினார். "எடோ, ஆரு சொன்னது அடிக்கான்?"

"பந்து வந்தது சேர். அடிச்சன்."

ரே சிரித்தார். "பொயின்ற் தானே சார்."

இரண்டாவது பந்தும் அப்படித்தான். மூன்றாவது பந்து மைதானத்தைத் தாண்டிப் போய்த் தண்ணீர்த் தாங்கியில் இடித்தது. மஜீத் மணலில் உட்கார்ந்து பண்டேஜைக் கழற்ற ஆரம்பித்தார். எங்களுக்குள் ஹிந்திதான் பேச்சு.

"மாஸ்டர்ஜி, உங்களுக்கும் வேலை இல்லை, எனக்கும் வேலை இல்லை. அறைக்குப் போய் ஏதாவது தையுங்கள்."

மாஸ்டர்ஜி என்றால் தையற்காரரைக் கூப்பிடும் சொல். என் விசாவில் நான் தையற்காரன். ஏஜென்சியிடம் அன்று இருந்த விசா அது. நான் செய்வது ரிகர் வேலை. கிரேனுக்குச் சாமான் கட்டிவிட்டுக் கையால் சைகை காட்டுவது. ஊசியில் நூல் கோக்க எனக்குத் தெரியாது. வரதனின் விசாவில் அவன் சமையற்காரன். அவனுக்குத் தேநீர் போடத் தெரியாது.

மனேஜர் கோஷி சாரைக் கூப்பிட்டுக் கதைத்தார். கார் போனது. கோஷி சார் திரும்பி வந்து சொன்னார்.

"மூன்றாமத்தெ வெள்ளி கப் மேட்ச். அதுக்குள்ளெ இவனைச் செரியாக்கணும். ஆகலேன்னா வேண்டா என்னு சொல்லி."

2

வீட்டில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டுச் செய்தி போலத் தெரியும். அப்படி இல்லை. விளக்கமாகச் சொல்கிறேன்.

எண்ணெய் விலை விழுந்துவிட்டது. பழுது பார்க்க வரும் கப்பல் குறைந்துவிட்டது. கம்பெனி ஆள் குறைக்கிறது. ஒப்பந்தம் முடிகிறவனுக்குப் புதுப்பித்துக் கொடுப்பதில்லை. கப்பல் பழுது பார்க்கும் கம்பெனிகளுக்குள் ஒரு கப் போட்டி இருக்கிறது. மனேஜருக்கு அதில் பைத்தியம். அதனால் அணியில் உள்ள எட்டுப் பேருக்கு மட்டும் விசா புதுப்பிக்கலாம் என்று மேலிடத்தில் கேட்டு வாங்கியிருந்தார். ஒரு கோவாக்காரர் ஊருக்குப் போனதால் எட்டாவது இடம் காலியாக இருந்தது.

வரதனின் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது.

அன்று பின்னேரம் அவனைக் குதைபியாவுக்குக் கூட்டிப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் அங்கே நம் ஆட்கள் தெரு முழுக்க நிற்பார்கள். சுலைமான் காக்கா இரண்டு தேநீரை முன்னால் வைத்தார்.

"ஏந் தம்பி, ஊருக்குப் போனா என்ன? ரெண்டு மாசம் உம்மா கையால சாப்ட்டுட்டு வேற விசா பாத்து வர வேண்டியதுதான."

"போகலாம் காக்கா. கொழும்பு வரைக்கும் பிளேனில போகலாம்."

"அங்கேந்து பஸ் இல்லையா?"

"இருக்கு. எங்கட அண்ணாவும் பஸ்ஸிலதான் வந்தவர். நடுவழியில ஆமி மறிச்சு இறக்கினவங்கள். பஸ் வந்திட்டுது. அவர் வரேல்லை."

சுலைமான் காக்கா கல்லாவுக்குப் போகவில்லை. நின்றார்.

"எப்ப?"

"போன ஆவணி. அம்மா ஆள் மூலம் சொல்லி விட்டவ. நீ வராதையாம். மணலோ மண்ணோ, அங்கையே நில்லாம்."

 பிறகு காக்கா சொன்னார்.

"அப்ப ஒழுங்கா ஆடு வாப்பா. சும்மா குதிக்காத. ஆட்டுக்குட்டியுந்தான் குதிக்குது. அதுக்கு எவன் விசா குடுக்குறான்?"

வரதன் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். 

3

எங்கள் பக்கத்துக் கரப்பந்து வேறு. அது ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

நாங்கள் ஆடுவதை ஓவர் என்போம். இங்கே ஆடுவதைச் செற்றப் என்போம். பந்து ஒன்றுதான். வலை ஒன்றுதான். செற்றப்பில் ஒருவன் எடுத்து, ஒருவன் தூக்கி, ஒருவன் அடிக்க வேண்டும். ஓவரில் வந்த பந்தை வந்த வேகத்திலேயே மறுபக்கம் அடித்து அனுப்புகிறவன்தான் ஆட்டக்காரன். தூக்கிக் கொடுக்க என்று தனி ஆள் கிடையாது. பந்தை அடிக்காமல் பக்கத்தில் நிற்பவனுக்கு எழுப்பிவிட்டால் கரையில் நிற்பவர்கள் விடமாட்டார்கள். "அடியடா, ஏன் தடவுறாய்?" என்பார்கள். "பந்துக்குக் காய்ச்சலோ?" என்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த கை அடிக்கத்தான் செய்யும்.

நானும் இங்கே வந்த முதல் வருஷம் வந்த பந்தை எல்லாம் அடித்தேன். பாதி வலையில் விழுந்தது. எனக்குப் பாய்ச்சல் இல்லை. உயரமும் இல்லை. அதனால் மாறுவது லேசாக இருந்தது. பந்து தூக்கிக் கொடுக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். அங்கே நிற்பவனை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது சரி.

வரதனுக்குப் பாய்ச்சல் இருக்கிறது. முதல் பந்தை அடித்தாலும் பத்தில் நான்கு கோட்டுக்குள் விழும். அதுதான் கஷ்டம். நான்கு விழுகிறபடியால் அவன் மாற மாட்டான். ஆறு வெளியே போகிறபடியால் நாங்கள் தோற்போம்.

ஊரில் எங்கள் மைதானத்தில் இப்போது ஆமியின் ஹெலிகொப்டர் இறங்குகிறது என்று மனைவி சொன்னாள். வலைத்தடியைப் பிடுங்கிவிட்டார்களாம்.

4

இரண்டாவது வெள்ளி. காற்று. மணல் கண்ணுக்குள் போனது.

நான் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவேன். ஒரு விரல் என்றால் வலையோரம் தாழ்ந்த பந்து. என் கையில் பந்து படும்போதே அடிப்பவன் காற்றில் இருக்க வேண்டும். எதிரணி கை தூக்குவதற்கு முன்னால் அடி முடிந்துவிடும். எங்கள் அணியின் பலமே அந்தப் பந்துதான். கோஷி சார் வருஷக்கணக்காகப் பழக்கியது.

வரதன் எழும்பவில்லை. பந்து என் கையை விட்டு வந்த பிறகு எழும்பினான். அதற்குள் பந்து கீழே.

"முதலே எழும்ப வேணும்," என்றேன்.

"பந்தைக் காணாமல் எப்பிடி அண்ணை எழும்புறது?"

"நான் தருவன்."

"தந்தா எழும்புவன்."

"எழும்பினாத்தான் தருவன்."

"எழும்பினாப் பிறகு தராட்டி?"

 வேலையில் கிரேன் ஓட்டுகிறவருக்குக் கப்பலின் உள்பக்கம் தெரியாது. என் கையைப் பார்த்துத்தான் தூக்குகிறார். ஒன்பது வருஷமாக அப்படித்தான். அவரிடம் நான் எதையும் விளங்கப்படுத்தியதில்லை. இவனுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை.

தோமஸ் வலைக்கு அந்தப் பக்கம் இருந்து சொன்னார். "மாஸ்டர்ஜி, இவன் பஸ் போனதுக்கப்புறம் கை காட்டுற ஆள்."

வரதனின் முகம் மாறியது. தோமஸுக்கு அவன் அண்ணன் கதை தெரியாது. சும்மா சொன்னது. அடுத்த பந்து வரதன் பக்கம் வந்தது. அவன் அதை வலைக்கு மேலால் தோமஸின் நெஞ்சுக்கு அடித்தான். தோமஸ் மணலில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கினார். பிறகு இருவரும் நெருங்கினார்கள். மஜீத் நடுவில் போய் நின்றார். இருவர் நெஞ்சிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான்.

முடிந்ததும் கோஷி சார் என்னைத் தனியே கூப்பிட்டார். பாய்ச்சல் இருக்கிறது, ஆட்டம் இல்லை என்பது அவர் கணக்கு.

"சாட்டம் உண்டு. அது ஞான் சம்மதிச்சு. களி இல்லா. இவனை வச்சா நம்ம களியும் போகும். ஞான் மனேஜரோடு சொல்லப் போறேன்."

"மேட்ச் வரைக்கும் பொறுங்கோ சார்."

"எதுக்கு?"

"தெரியாது. பொறுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை. ஆறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "செரி," என்றார்.

5

அந்தக் கிழமை வீட்டிலிருந்து பேசிப் பதிந்த கசெற் வந்தது. லீவில் போய் வந்த ஆள் கொண்டுவந்தார். எங்கள் அறையில் ஆறு கட்டில். எல்லோரும் டியூட்டிக்குப் போன பிறகு போட்டுக் கேட்டேன். எனக்கு அன்று பின்னேர டியூட்டி.

மனைவி பேசினாள். பிறகு மகனிடம் கொடுத்தாள். அவனுக்குப் பத்து வயது. என்னை மூன்று தடவை பார்த்திருக்கிறான். பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னான். சுகம் என்றான். பள்ளிக்கூடம் பூட்டு என்றான். கிரிக்கெட் விளையாடுகிறேன் என்றான். கரப்பந்து கிழவர்கள் ஆடுவது என்றான். பிறகு சத்தம் இல்லை. மெதுவாகத் தாயிடம் கேட்டது கசெற்றில் விழுந்திருந்தது.

"அம்மா, இனி என்ன கதைக்கிறது இவரோட?"

தாய் ஏதோ சொன்னாள். அதற்குள் ஹெலிச் சத்தம். வாளி உருளும் சத்தம். அந்த இடத்தில் பதிவு நின்றது. பிறகு மனைவியின் குரல். அடுத்த நாள் பேசியதாம். ஒன்றும் இல்லை, சும்மா சுற்றிவிட்டுப் போனது என்றாள்.

நான் திருப்பிப் போட்டுக் கேட்கவில்லை. கம்பெனி பஸ் வரும்வரை கட்டிலில் இருந்தேன். ஊருக்கு வா என்று அவளும் சொல்லவில்லை. முந்தின கசெற்றுகளில் சொல்லுவாள்.

வரதனை அனுப்பக்கூடாது என்று அப்போதுதான் முடிவெடுத்தேன். அதுவரை அவன் மாறுவானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மாறமாட்டான். நாட்கள் போதாது. அப்படியென்றால் மாற வேண்டியது மற்றவர்கள்.

6

அடுத்த நாள் சாப்பாட்டு நேரம் வெல்டிங் பகுதிக்குப் போனேன். மஜீத் இரும்புத் தகட்டின் நிழலில் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தேன்.

"மஜீத் பாய், வரதனுக்கு முதல் பந்து வரக்கூடாது."

"எதிரணிக்குச் சொல்லி அனுப்புங்கள். நல்ல மனிதர்கள். கேட்பார்கள்."

"அவன் இடத்துக்கு வருவதையும் நீங்கள் எடுத்தால் வராது."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "என் இடத்துப் பந்தையும் நான் எடுப்பது. அவன் இடத்துப் பந்தையும் நான் எடுப்பது."

"ஆமாம். அவன் உங்களுக்குப் பின்னால் நிற்பான். பந்தைத் தொடமாட்டான்."

"பிறகு நான் எப்போது ஓடி வந்து அடிப்பது?"

"அடிக்க முடியாது. குனிந்து எடுத்துவிட்டு ஓடிவர உங்கள் முழங்கால் விடாது. அடி எல்லாம் அவனுக்கு. தாழ்ந்த பந்து இல்லை. ஓரத்தில் உயரப் பந்து. பனை உயரம். அவன் பந்தைப் பார்த்துவிட்டு எழும்பலாம்."

"உயரப் பந்து என்றால் எதிரணியும் பார்த்துவிட்டு எழும்பும்."

"எழும்பட்டும். அவன் கை அவர்கள் கைக்கு மேலே."

அது உண்மை என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"நல்ல தையல் மாஸ்டர்ஜி. என் சட்டையைக் கிழித்து அவனுக்குத் தைக்கிறீர்கள்."

 அவர் சொன்னதில் பிழை இல்லை.

"அவனுக்கு ஊரில் என்ன?" என்று கேட்டார்.

என் ஹிந்தி வேலைக்கான ஹிந்தி. தூக்கு, இறக்கு, நிறுத்து, சீக்கிரம். ஒருவனைப் பிடித்துக்கொண்டு போய், அவன் இருக்கிறானா இல்லையா என்றே தெரியாமல் போவதற்கு அதில் சொல் இல்லை. எனக்கு வந்ததைச் சொன்னேன்.

"பஸ் ஆயா. பாய் நஹி ஆயா."

பஸ் வந்தது. அண்ணன் வரவில்லை.

மஜீத் மெல்லுவதை நிறுத்தினார். சைரன் ஊதியது. மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றினார். எழும்பும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "கலாஸ், போதும். போங்கள். வேலைக்கு நேரம்," என்றார்.

ஓம் என்றும் சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. 

7

மூன்றாவது வெள்ளி. எதிரணியில் எல்லோரும் உயரமானவர்கள். கப்பலில் நங்கூரம் இழுக்கும் ஆட்கள் போல இருந்தார்கள். மனேஜரின் கார் வந்து நின்றது. சுலைமான் காக்கா பிளாஸ்கைத் திறக்கவில்லை.

மஜீத் பண்டேஜைக் கழற்றி இன்னும் இறுக்கிக் கட்டினார். உள்ளே வந்து வரதனுக்கு முன்னால் நின்றார். கையால் பின்னே தள்ளினார்.

"பீச்சே. பந்தைத் தொட்டால் கையை வெல்டிங் வைத்து ஒட்டிவிடுவேன்."

வரதன் என்னைப் பார்த்தான். "என்னவாம் அண்ணை?"

"பின்னுக்கு நில். வாற பந்து உன்ரை இல்லை. நான் தாறதுதான் உன்ரை."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"பார்த்துக்கொண்டு நில்."

முதல் செற் தோற்றோம். கொஞ்ச வித்தியாசம். வரதனின் கால் ஒவ்வொரு பந்துக்கும் துடித்தது. இரண்டு தடவை பாய்ந்து மஜீத்தில் மோதினான். மஜீத் எழும்பி மணலைத் தட்டினார். கோஷி சார் கோட்டுக்கு வெளியே குந்தியிருந்தார். தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது செற்றில் பந்து என்னிடம் வர ஆரம்பித்தது. மஜீத் குனிந்து எடுத்துவிடும் பந்து சுழலாமல் வரும். கையில் பூப்போல இருக்கும். அவர் இப்படி எடுப்பார் என்று ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. அடிப்பதை மட்டும்தான் பார்த்திருந்தேன். நான் ஓரத்துக்கு உயர்த்தினேன். வரதன் பார்த்தான். ஓடினான். எழும்பினான். அவன் மேலே போய்க் கொஞ்சம் நிற்பான். எதிரணிக்காரர் மூவர் எழும்பி, மூவரும் கீழே வருவார்கள். அதற்குப் பிறகு அவன் அடிப்பான். மனேஜர் காரை விட்டு இறங்கினார்.

இரண்டாவது எங்களுக்கு.

மூன்றாவதில், பந்து போடும் பக்கத்துக்கு மட்டும்தான் பொயின்ற், அந்த முறை மாறி மாறிப் போனது. யாருக்கும் பொயின்ற் ஏறவில்லை. மஜீத்தின் ஒரு பண்டேஜ் கழன்று மணலில் இழுபட்டது. அதைக் கட்ட நேரம் இல்லை. எதிரணிக்காரர் அதைக் கண்டுவிட்டார்கள். அவர் மீதே போட்டார்கள். எடுத்தார். திரும்பவும் போட்டார்கள். எடுத்தார்.

அப்போது ஒரு பந்து நீளமாக வந்தது. மஜீத்தின் தலைக்கு மேலால், நேரே வரதனுக்கு. தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. ஓவர் ஆடுகிறவன் கனவில் காணும் பந்து. வரதன் இரண்டடி பின்னால் போனான். முழங்கால் மடிந்தது. வலது கை பின்னால் போனது. எனக்கு அது தெரியும். என் கையும் ஒருகாலத்தில் அப்படிப் போனதுதான்.

கோஷி சார் கண்ணை மூடிக்கொண்டார்.

வரதன் எழும்பவில்லை. கையை இறக்கினான். ஒரு பக்கம் விலகினான். பந்தை விட்டான். மஜீத் திரும்பி ஓடி, மணலில் நெஞ்சு தேய விழுந்து, தரைக்கு ஒரு சாண் மேலே பந்தை எழுப்பினார். அது கோணலாக வந்தது. நான் ஓடிப் போய் உயர்த்தினேன். எங்கே உயர்த்தினேன் என்று பார்க்கவில்லை. அவன் அங்கே இருந்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் ஆட்டம் உடைந்தது. நாங்கள் வென்றோம்.

மனேஜர் நேரே வரதனிடம் போனார். கையைப் பிடித்துக் குலுக்கினார். அவன் காலைப் பார்த்தார். பேர் கேட்டார். அவருக்குச் சொல்ல வரவில்லை. பனியனில் இருந்த எண்ணைப் பார்த்து நம்பர் செவன் என்று சொல்லிவிட்டுப் போனார். மஜீத் கோட்டுக்கு வெளியே மல்லாக்கப் படுத்திருந்தார். சுலைமான் காக்கா பக்கத்தில் இருந்து அவர் வாயில் தேநீர் ஊற்றினார்.

"கிழவா, உனக்கு ஏன் இந்த வேல?" என்று தமிழில் கேட்டார்.

மஜீத் "அச்சா, அச்சா," என்றார். சீனி போதாது என்று சைகை காட்டினார்.

8

வரதனுக்கு விசா புதுப்பித்தாயிற்று. இரத்தம் எடுத்தார்கள். படம் எடுத்தார்கள். இரண்டு தடவை போகச் சொன்னார்கள், இரண்டு தடவையும் நாளைக்கு வா என்றார்கள். மூன்றாம் தடவை முத்திரை விழுந்தது. இன்னும் இரண்டு வருஷத்துக்கு அவன் சமையற்காரன். அம்மாவுக்குச் சொல்லியனுப்பினான்.

அடுத்த கிழமை மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அணிக்கு எட்டுப் பேர் இல்லை. ஏழு பேர்.

மனேஜர் கோஷி சாரைக் கூப்பிட்டாராம். இதைக் கோஷி சார் என்னிடம் சொன்னார். 

"ஒவ்வொருத்தரும் எத்தனை பொயின்ற் அடிச்சு என்னு கேட்டு. ஞான் சொன்னேன். மஜீத் எத்தனை என்னு கேட்டு. ஒண்ணும் இல்லா என்னு சொன்னேன். வேறெ எந்து சொல்ல? அடிச்சில்லல்லோ. பின்னே சொன்னேன், சார், அவர் அடிக்கான் நின்னதல்ல, எடுக்கான் நின்னது. மனேஜர் சிரிச்சு. கோஷி, மேட்ச் ஞானும் கண்டு என்னு சொல்லி."

"பிறகு?"

"பின்னே ஒண்ணும் இல்லா. மஜீதின்றெ ஒப்பந்தம் சித்திரையிலெ முடியுது."

மஜீத்துக்காகப் பேச நான் மனேஜரிடம் போனேன். என் ஆங்கிலம் என் ஹிந்தியை விடக் குறைவு. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நல்லது, நன்றி, போய் வேலை பார் என்றார். வாசலில் நின்ற கிளார்க் என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

மஜீத்திடம் நான்தான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை. அவர் வெல்டிங் முகமூடியை மேலே தள்ளினார்.

"சரி," என்றார். "அன்றைக்கு நீங்கள் வந்து பக்கத்தில் இருந்தபோதே நினைத்தேன். ஒருவேளை இப்படி வரலாம் என்று."

"நான் நினைக்கவில்லை."

"நீங்கள் தையற்காரர். அளவு மட்டும்தான் பார்ப்பீர்கள்." முகமூடியை இறக்கினார். "தள்ளி நில்லுங்கள். கண்ணுக்குக் கெடுதி."

வரதன் எங்கள் ஆட்டத்துக்குப் பொருந்தினானா என்று கோஷி சார் பிறகு ஒருநாள் கேட்டார். பொருந்தவில்லை, ஓர் ஆள் தள்ளி இடம் விட்டார் என்றேன். 

போன வியாழன் மஜீத் போனார். பகல் இரண்டு மணிக்குக் கம்பெனி பிக்கப் வந்தது. வரதன் அவருடைய பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கேம்ப் வாசல்வரை வந்தான். கொடு என்று அவர் கேட்டும் கொடுக்கவில்லை. ரேயும் மற்ற மூவரும் வரிசையாக நின்று கை கொடுத்தார்கள். தோமஸ் வழிக்கு என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

மஜீத் என்னிடம், "மாஸ்டர்ஜி, இனி யார் குனிவது? ஆள் தேடுங்கள்," என்றார்.

பிறகு வரதனிடம் வந்தார். அவன் தலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். ஏறிவிட்டார். ஏறும்போது வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். பிக்கப் ரவுண்டபவுட் சுற்றி மறைந்தது.

நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். வெயில் சுட்டது. மைதானத்தைத் தாண்டும்போது வரதன் நின்றான்.

"அண்ணை, அண்டைக்கு மேட்சில அந்தாள் என்ரை இடத்தில எத்தினை பந்து எடுத்தவர் எண்டு தெரியுமோ?"

"தெரியாது."

"பின்னுக்குச் சும்மாதானே நிண்டனான். எண்ணினனான்."

நான் அவனைப் பார்த்தேன். அவன் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

முப்பத்தொன்று.